கஞ்சி போட்ட வலை

மட்டைக் குழி நாறுகிறது என்று காத்தான்குடி ஆற்றங்கரையில் அந்தக் காலத்தில் ஒருவரும் சொன்னதில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள்தான் சொல்வார்கள். சால்வைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுக்குள்ள எப்பிடித்தான் இரிக்கிறீங்களோ" என்பார்கள். கரையில் குந்தியிருந்து, ஊறிய தேங்காய் மட்டையைத் தடியால் அடித்துத் தும்பெடுக்கும் பெண்களுக்கு அந்தப் பேச்சே விளங்காது. அது அவர்களுக்குச் சோறு போட்ட வாசம்.

இந்த ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்தேழில் அந்தக் கரையில் ஒரு குழியும் இல்லை. சாயம்போல் கறுத்து நின்ற தண்ணீர் தெளிந்து அடிமணல் தெரிகிறது. பார்க்கிறவர்கள் அழகு என்கிறார்கள். அசனார் மட்டும் சில நாட்களில் அஸர் தொழுத கையோடு அங்கே போய் நின்று மூக்கை விரித்து மோந்து பார்ப்பார். ஒன்றும் வராது, வெறும் உப்புக் காற்று. ஐம்பது கடந்த மனிதர் நாற்றத்தைத் தேடி அலைகிறாரே என்று கண்டவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த நாற்றம் போனது அவருடைய வாயால்தான். அதை அவர் இன்றைக்கும் மறக்கவில்லை. ஆனால் அதே நினைவோடு ஒட்டிக்கொண்டு அவருடைய வாழ்நாளிலேயே இனிமையான இரண்டு மாதங்களும் வந்துவிடும். ஒன்றை விட்டு ஒன்றை நினைக்க அவருக்குத் தெரியவில்லை.

அசனார் நெசவாளி. மட்டக்களப்புப் பக்கத்து வழக்கப்படி வீடும் வளவும் பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிவர வேண்டியவர். அசனார் ஸாலிஹாவைக் கலியாணம் முடித்து வந்தபோது கூடக் கொண்டுவந்தது ஒரு தறி, அவ்வளவுதான். ஸாலிஹாவுக்கு அவளுடைய தாய் ஆமினா உம்மா சீதனமாகக் கொடுத்தது வீடும், ஆற்றங்கரையில் நாலு மட்டைக் குழியும். கம்பு நட்டு வேலி கட்டி, மட்டையை அடுக்கி, மேலே சேற்றை அப்பி எட்டு மாதம் ஊறவிடும் குழிகள். ஆமினா உம்மா மௌத்தான பிறகு ஸாலிஹா ஆறு பெண்களை வைத்துக்கொண்டு அவற்றை ஆண்டாள். ஆண்டாள் என்பதுதான் சரியான சொல். கறுத்த தண்ணீரில் இடுப்பளவு நின்று அவள் ஏவுவதைத் தறிக்கூடத்து யன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே அசனார் நாடாவைத் தள்ளுவார். அவளுக்குப் பிறகு அந்தக் குழிகள் மகள் றஸீனாவுக்கு என்பது ஊரறிந்த கதை.

முப்பத்தேழாம் ஆண்டு கடைசியில்தான் சனி பிடித்தது. தெற்கே அடுத்த ஊரில் இருந்த நல்லரத்தினம் என்ற மீன்பிடிகாரர் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்துக்கு ஒரு பெட்டிசம் எழுதிப் போட்டார். குழிகளுக்குச் சற்றுத் தள்ளி, தண்ணீருக்குள் வேர் ஊன்றி நிற்கும் கண்ணா மரங்கள் அடர்ந்த ஒரு குடா உண்டு. இறால் குஞ்சுகள் வளர்வது அங்கேதான். குழித் தண்ணீர் இறங்கி இறங்கி இறால் அடியோடு அற்றுப்போயிற்று, குழிகளை மூட வேண்டும் என்பது பெட்டிசம். மட்டைக்காரர்கள் பதிலுக்கு ஒரு பெட்டிசம் போட்டார்கள். இரண்டையும் படித்துக் களைத்த பெரியவர்கள், தண்ணீரையே பார்த்துவிட்டு வரட்டும் என்று ஓர் ஆளை அனுப்பிவைத்தார்கள்.

அவர்தான் வினாயகமூர்த்தி. கோட்டைமுனையில் பிறந்து கொழும்பில் படித்த இருபத்தாறு வயதுப் பிள்ளை. மாசி மாதத்து ஒரு காலையில் சைக்கிளில் வந்து இறங்கினார். பின்னால் ஒரு மரப்பெட்டி, அதற்குள் போத்தல்கள், ஒரு பித்தளைப் பூதக்கண்ணாடி, ஒரு பட்டு வலை. தண்ணீரைப் பார்க்க ஒரு துரையா என்று ஊர் சிரித்தது. அன்று மாலைக்குள் அவருக்குத் தண்ணித் துரை என்று பெயர் விழுந்துவிட்டது.

பூதக்கண்ணாடிக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். ஊரிலேயே பெரிய யன்னல் இருந்தது அசனாரின் தறிக்கூடத்தில். துரை வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார். மேசை ஒன்று தறிக்குப் பக்கத்தில் ஏறியது. தோணியில் தன்னோடு இரண்டு பேர் வர வேண்டும் என்றும் துரை சொல்லிவிட்டார். குழிக்காரர் பக்கம் ஒருவர், மீன்காரர் பக்கம் ஒருவர். நாளைக்கு யாரும் வாய் திறக்கக் கூடாதல்லவா. அப்படித்தான் மனைவியின் குழிகளுக்காக அசனாரும், குழிகளை மூடச் சொன்ன நல்லரத்தினமும் ஒரே தோணியில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள்.

முதல் நாள் இருவரும் ஆற்றைப் பார்த்தபடியே இருந்தார்கள். வாவியை அங்கே ஆறு என்றுதான் சொல்வார்கள். இரண்டாம் நாள் நல்லரத்தினம் கம்பை ஊன்றிக்கொண்டே, முஸ்லிம்களை அண்ணன் முறை வைத்து அழைக்கும் காக்கா என்ற சொல்லோடு தொடங்கினார்.

"காக்கா, உங்கட குழியக் கடக்கக்குள்ள இந்தத் துரைர கண்ணாடிக்கே தலை சுத்துமே."

"உங்கட மீன் வாடிக்கு முன்னால எங்கட குழி அத்தர், அண்ணன்."

துரை சிரித்த சிரிப்பில் தோணி ஆடியது. அதோடு பகை கரையில் இறங்கிவிட்டது. பெட்டிசம் பெட்டிசமாக இருக்க, மூன்று பேரும் கூட்டாளிகளாகிப் போனார்கள்.

பட்டு வலை ஒரு நீளச் சட்டைக் கை மாதிரி இருக்கும். வாயில் பித்தளை வளையம், வாலில் சின்னப் போத்தல். அதைத் தோணிக்குப் பின்னால் கட்டி மெல்ல இழுத்தால் தண்ணீர் எல்லாம் துணி வழியே போய்விடும். கண்ணுக்குத் தெரியாதவை போத்தலில் சேரும். முதல் நாள் வலையில் ஒரு மீனும் விழாததைக் கண்டு நல்லரத்தினம் துரைக்காக மெய்யாகவே கவலைப்பட்டார்.

தறிக்கூடத்தில் துரை கேட்டார். "காக்கா, இந்தத் தண்ணிக்குள்ள என்ன இரிக்கெண்டு தெரியுமா?"

"உப்பு இரிக்கும். வேறென்ன ஐயா?"

"இஞ்ச வந்து பாருங்க."

அசனார் குனிந்து பார்த்தார். முதலில் தன் கண்ணிமை மயிரைத்தான் கண்டார். பிறகு ஒரு கணத்தில் அது விலகியது. கண்ணாடிப் பெட்டிகள் ஒன்றோடொன்று கோத்து மாலைமாலையாகக் கிடந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் வரி, வரிக்குள் புள்ளி, புள்ளிக்குள் இன்னும் வரி. நட்சத்திரம் ஒன்று, தோணி ஒன்று, ஒற்றைக் கண்ணோடு மயிர்க்கால்களால் துழாவிக்கொண்டு போன ஒரு சீவன். முப்பது வருடம் பாவு விரித்த மனிதர் அந்த மாதிரி ஒரு சேலைக் கரையைக் கண்டதில்லை. நிமிர்ந்தபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது, வெட்கப்படவும் இல்லை.

"ஆர் நெய்ததெண்டு கேக்கத் தேவல்ல" என்றார்.

துரை சொல்லிக் கொடுத்தார். இவற்றை இங்கிலீசில் பிளாங்டன் என்பார்கள். தண்ணீர் போன போக்கில் மிதந்து போகிறவை. இறால் குஞ்சுக்கும் மீன் குஞ்சுக்கும் இவைதான் சோறு. தண்ணீர் கெட்டால் முதலில் சாகிறவையும் இவைதான். "பெட்டிசம் பொய் சொல்லும் காக்கா, இதுகள் சொல்லா. ஒரு துளித் தண்ணில எத்தின இரிக்கெண்டு எண்ணினா ஆத்திர நாடி தெரிஞ்சிரும்."

எண்ணுவதில் துரைக்குக் கண் வலிக்கும். அசனாருக்கு எண்ணுவது பிறவித் தொழில். அங்குலத்துக்கு எத்தனை இழை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்கிறவர் அவர். கட்டம் போட்ட கண்ணாடித் துண்டில் துளியை விட்டுக் கொடுத்தால், இழை எண்ணுகிற மாதிரி நாலு நாலாகப் பிடித்து, துரை ஒரு கட்டம் முடிக்குமுன் ஐந்து கட்டம் முடித்துவிடுவார். துரை திருப்பி எண்ணிப் பார்த்துப் பிழை காணாமல் போனதும் எண்ணுகிற வேலையை அவரிடமே விட்டுவிட்டார். ஊரில் யாருக்கு இந்த மரியாதை கிடைத்தது? சாரன் நெய்து விற்கிற அசனார் ஆற்றின் நாடி பிடிக்கிறார். மாசியும் பங்குனியும் எப்படிப் போயின என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. காலையில் நீல ஆறு, நல்லரத்தினத்தின் வாய் ஓயாத கதை, துரை சுருட்டிக் கொடுக்கும் வெற்றிலை, பகலில் யன்னல் வெளிச்சமும் கண்ணாடிக்குள் ஒரு பெருநாளும். கரையில் ஸாலிஹாவின் ஆட்கள் மட்டை அடிக்கும் சத்தம் நாளெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கும். அல்லாஹ் அவருக்கு வேறு எதுவும் கொடுக்காவிட்டாலும் அந்த இரண்டு மாதங்களுக்காகவே அவர் நன்றி சொல்லிச் சுக்கூர் செய்வார்.

பங்குனிக் கடைசியில் பட்டு வலை ஒரு முட்கம்பில் மாட்டிக் கிழிந்தது. இன்னொன்று சீமையிலிருந்து வர மூன்று மாதமாகும். அதுவரை பார்த்தது எல்லாம் பழகுவதற்காகப் பார்த்தது. கச்சேரிக்கு எழுத வேண்டிய கணக்கு இனிமேல்தான் தொடங்க வேண்டும். துரை தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நான் நெய்து தாறன்" என்றார் அசனார்.

மகளின் கலியாணச் சேலைக் கரைக்கென்று பொத்தி வைத்திருந்த பட்டு நூலை எடுத்தார். ஒன்பது நாள் தறியை விட்டு எழும்பவில்லை. நூல் மயிரைவிட மெல்லியது, தொட்டால் அறும். அதனால் பாவுக்கு அரிசிக் கஞ்சியை அடர்த்தியாகப் போட்டார். நெய்து முடித்த பிறகும் இன்னொரு தடவை கஞ்சி ஏற்றி, இழுத்துக் கட்டிக் காயவிட்டார். கொழும்புத் துரைமார் கையில் எடுத்துப் பார்க்கப் போகும் துணி அல்லவா? கஞ்சி ஏறாத துணியைக் கொடுப்பது அந்தத் தொழிலில் மானம் போகிற காரியம். துணி தகடு போல நின்றது. துரை அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து வாயடைத்துப் போனார். தண்ணீரில் ஒருமுறை அலசி வளையத்தில் தைத்துக்கொண்டார். கஞ்சியைப் பற்றி அசனார் ஒன்றும் சொல்லவில்லை. சோறு போடுகிறவள் அரிசி கழுவினேன் என்று சொல்வாளா என்ன?

சித்திரையில் கணக்கு தொடங்கியது. ஐந்து நாள், ஐந்து இடம். "தூரத்து நல்ல தண்ணில தொடங்கிக் குழியில முடிப்பம்" என்றார் துரை. "ஊத்தைத் தண்ணில முதல்ல வலையப் போட்டா அந்த ஊத்தை மத்த இடத்துக்கும் ஒட்டிக்கொண்டு வரும்." சாயம் தோய்க்கிறவனும் வெளிர் நிறத்தில்தான் தொடங்குவான் என்று அசனார் தலையாட்டினார்.

முதல் நாள் நடு ஆற்றுத் தண்ணீரைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தபோது அவருக்குத் திடுக்கென்றது. போன மாதம் பெருநாளாய் இருந்த இடம் அது. இன்று ஒரே சளிச் சளியாக, நிறமில்லாத வழுவழுத்த துண்டுகள். அவற்றில் ஒட்டிக்கொண்டு செத்த சீவன்கள் சில. எண்ணிக்கை கால்வாசிகூட இல்லை. இரண்டாம் நாள் இடத்தில் சளி கொஞ்சம் குறைந்தது. மூன்றாம் நாள் இன்னும் குறைந்தது. நாலாம் நாள் கண்ணாக் குடாவில் சளி அரிதாகவே தெரிந்தது. ஐந்தாம் நாள் குழியடியில் சளி அறவே இல்லை. சீவன்கள் குறைவு என்றாலும் நடு ஆற்றைவிடக் குறைவில்லை.

துரை இரண்டு நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். வெயில் ஏறித் தெற்கே எங்கோ தண்ணீருக்கு ஒரு நோய் கண்டிருக்கிறது. அது நடு ஆற்றிலிருந்து பரவி வருகிறது. குழிகளை நெருங்க நெருங்க நோய் குறைவதால் குற்றம் குழிகளில் இல்லை.

நல்லரத்தினம் தறிக்கூடத்து வாசலில் நின்று அதைக் கேட்டார். கோபிக்கவில்லை.

"நான் படிச்சவனில்ல ஐயா. எண்டாலும் என்ட றால் எங்க செத்ததெண்டு எனக்குத் தெரியும்" என்றார். பிறகு அசனாரைப் பார்த்தார். "நீங்கதானே எண்ணின காக்கா?"

"ஓம் அண்ணன்."

"அப்ப சரிதான்" என்று சொல்லித் தோளில் சால்வையைப் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். அந்த 'சரிதான்' அசனாருக்குத் தொண்டையில் மீன் முள்ளாய் நின்றது.

வீட்டில் ஸாலிஹா வட்டிலப்பம் அவித்தாள். ஒரு பங்கைத் துரைக்கு என்று மூடிக் கொடுத்தனுப்பினாள். "எங்கட உம்மா கபுருக்குள்ள நிம்மதியாக் கிடப்பா" என்றாள். பதினாறு வருடக் குடித்தனத்தில் அவள் அவ்வளவு சிரித்து அவர் கண்டதில்லை.

மறுநாள் காலை துரை கடைசிக் கடுதாசியை எழுதிக்கொண்டிருந்தார். அசனார் தறியில் ஒரு சாரனுக்குக் கஞ்சி போட்டுவிட்டுப் பிசிறு வெட்டப் போய் விரலை வெட்டிக்கொண்டார். துரை ஓடிவந்து பெட்டியிலிருந்த அயடினை ஊற்றினார். விரலிலிருந்து ஒரு சொட்டு வழிந்து வெள்ளைப் பாவில் விழுந்தது. விழுந்த இடம் மை கொட்டியது போல நீலமாய்க் கறுத்தது.

"ஐயோ, துணிய நாசமாக்கிட்டன்" என்றார் துரை. "கஞ்சில பட்டா அயடின் இப்பிடித்தான் நீலமாகும் காக்கா. கஞ்சி இல்லாத இடமெண்டா மஞ்சளா நிக்கும். பள்ளிக்கூடத்தில இதக் காட்டித்தான் எங்களுக்குப் படிப்பிச்ச." சொல்லிவிட்டு எழுத்துக்குத் திரும்பினார். அவருக்கு அது பள்ளிக்கூடத்து ஞாபகம் மட்டுந்தான்.

அசனார் அந்த நீலக் கறையையே பார்த்தார். தகடு போல நின்ற வலைத் துணி கண்முன் வந்தது. இரண்டு தடவை ஏற்றிய கஞ்சி. முதல் நாள் நிறையச் சளி, பிறகு நாளுக்கு நாள் குறைந்த சளி. ஆறு மாறவில்லை. வலைதான் ஐந்து நாளாக ஊறி ஊறி வெளுத்திருக்கிறது. கஞ்சி கண்ணை அடைத்த துணிக்குள் சீவன்கள் எப்படி வந்து விழும்?

பகல் துரை சாப்பிட டவுனுக்குப் போனார். கடுதாசி மேசையில் கிடந்தது. பின்னேரம் கச்சேரிக்குப் போய்விடும். அசனார் ஐந்து நாளும் எடுத்துவைத்த ஐந்து போத்தல்களையும் வரிசையாக வைத்தார். பிறகு முதல் போத்தலிலிருந்து கொஞ்சத்தை ஒரு கிண்ணத்தில் ஊற்றி அயடின் ஒரு சொட்டு விட்டார். நீலம். ஐந்தாம் போத்தலிலும் அப்படியே செய்து பார்த்தார். வெறும் மஞ்சள்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய யானை எழும்பிப் போய்விடும், பார்த்தவர்கள் மறந்துவிடுவார்கள். இங்கே நிலைமை வேறு. கிண்ணத்தை வாசலில் ஊற்றிவிட்டால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. குழிகள் ஸாலிஹாவுக்கு, பிறகு றஸீனாவுக்கு. ஊற்றாவிட்டால் மனைவியின் சீதனத்தை வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையே கெடுத்ததாகும். சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் அவர் தவித்தார். நல்லரத்தினம் நீங்கதானே எண்ணின என்று கேட்டது காதுக்குள் நின்றது. கண்ணாடிக்குள் பார்த்த அந்த நெசவும் நினைவுக்கு வந்தது. அவற்றின் பெயரால் பொய்க் கணக்குக் கொடுத்தது தன் கை அல்லவா?

எழும்பி ஆற்றங்கரைக்குப் போனார். ஸாலிஹாவிடம் கேட்க வேண்டும் என்றுதான் போனார். அவள் குழியோரம் குந்தியிருந்து மட்டை அடித்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கேட்டால் வேண்டாம் என்பாள். அதற்குப் பிறகும் போய்ச் சொன்னால் அவளுக்குத் துரோகம். சொல்லாமல் விட்டால் படைத்தவனுக்குத் துரோகம். கேட்காமல் விட்டால் பாவம் தன் ஒருவர் தலையோடு போகும். இப்படித்தான் அவர் கணக்குப் போட்டார். எண்ணுவதில் பிழை விடாதவர் என்று அவருக்குப் பெயர். திரும்பி நடந்துவிட்டார்.

துரை வந்ததும் இரண்டு கிண்ணங்களையும் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னார். வினாயகமூர்த்தி நீலக் கிண்ணத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காதுவரை சிவந்து போனார்.

"வலையத் தண்ணில போட முதல் நான் சோதிச்சிருக்கோணும். பிழை உங்கடயில்ல காக்கா, என்ட" என்றார். பிறகு, "இது உங்கட வீட்டுக் குழிக்கு நல்லதில்ல. தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும் ஐயா."

கடுதாசி கிழிந்தது. வலையைச் சாயப் பானையில் போட்டு அவித்து அவித்துக் கஞ்சியை எடுத்தார்கள். மறுபடி ஐந்து நாள், ஐந்து இடம். நடு ஆற்றில் பழைய பெருநாள் அப்படியே இருந்தது. கண்ணாக் குடாவில் பத்துக்கு ஒன்று. குழியடியில் கட்டம் கட்டமாகத் தேடியும் உயிருள்ளது அகப்படவில்லை; முன்பு அங்கே எண்ணியவை கஞ்சியில் ஒட்டிக்கொண்டு மற்ற இடங்களிலிருந்து வந்தவைதான். அந்த வெறும் கட்டங்களையும் அசனார்தான் எண்ணினார். ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் என்று வாய்விட்டுச் சொன்னார், துரை எழுதிக்கொண்டார். அவர்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. வைகாசியில் மரப்பெட்டியோடு துரை சைக்கிளில் ஏறினார். திறந்த பெட்டிக்குள் பித்தளைப் பூதக்கண்ணாடி வெயிலில் ஒருமுறை மினுங்கிவிட்டு ரோட்டு வளைவில் மறைந்தது.

ஐப்பசி மழைக்கு முன் உத்தரவு வந்தது. அந்தக் கரையில் இனி மட்டை ஊறவைக்கக் கூடாது. ஸாலிஹாவின் நாலு குழியோடு மற்றவர்களின் குழிகளும் போயின. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. 'கஞ்சி அசனார்' என்ற பெயர் அன்று ஒட்டியது, இன்றும் போகவில்லை. அதை அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது ஸாலிஹாவின் பொறுமையைத்தான். விசயம் தெரிந்த அன்று அவள் ஒரு சொல் ஏசவில்லை. கடைசி மட்டையையும் அடித்து முடித்து, வேலிக் கம்புகளைப் பிடுங்கி விறகுக்கு அடுக்கினாள். பிறகு வீட்டில் பன்பாய் இழைக்கத் தொடங்கினாள். சோறு போட்டாள், தேத்தண்ணி கொடுத்தாள், கேட்டதற்கு மறுமொழி சொன்னாள். கரையில் நின்று அவரைக் கண்டு சிரித்த சிரிப்பை மட்டும் அவர் பிறகு காணவில்லை.

மூன்றாம் வருடம் குடாவில் இறால் திரும்பியது. ஓலைப் பறி நிறைய விழுந்த முதல் இறாலை நல்லரத்தினம் தன் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. நேரே ஸாலிஹாவின் வாசலில் கொண்டுவந்து இறக்கினார். "ராத்தா, இது உங்களுக்குச் சேர வேண்டியது" என்றார். அன்றிலிருந்து சித்திரை தோறும் ஒரு பறி வரும். அவள் வாங்கிக்கொள்வாள். நல்லரத்தினத்தின் பிள்ளைகுட்டிகளை விசாரிப்பாள். கழுவி, தேங்காய்ப்பால் விட்டு, ஊரே மணக்க ஆக்குவாள். நாலு வீட்டுக்குக் கொடுத்தனுப்புவாள். அவருக்கும் பரிமாறுவாள். அவள் மட்டும் ஒன்றையும் வாயில் வைக்க மாட்டாள். அசனார் ஏன் என்று கேட்டதில்லை. அதுதான் தெரிந்த காரணமாயிற்றே. உம்மா கொடுத்த குழிகளைத் தின்று வளர்ந்த இறாலை அவள் எப்படித் தின்பாள்?

இந்தச் சித்திரையிலும் வந்தது. றஸீனா, சீதனமாக வளவுக்குள் கட்டிக் கொடுத்த புதுவீட்டுக்குப் புருசனோடு தனிக் குடித்தனம் போய்விட்டாள், வீட்டில் இருவர்தான். பகல் சோற்றுக்கு உட்கார்ந்தபோது, முந்தின நாள் பின்னேரம் கரையில் நின்றுவிட்டு வந்ததாலோ என்னவோ, அசனாருக்கு வாய் தானாகத் திறந்தது.

"குழி போனதுக்காகத்தானே நீ இதத் தின்றல்ல?"

ஸாலிஹா அகப்பையோடு நின்றாள். "குழிக்கெண்டு ஆரு சொன்ன?"

"பின்ன?"

அவள் சட்டியை மெல்லத் தரையில் வைத்தாள்.

"அண்டைக்கு நீங்க கரைக்கு வந்தீங்க. உங்கட முகத்தக் கண்ட உடனே என்னவோ இரிக்கெண்டு எனக்கு விளங்கிட்டு. தடிய வெச்சிட்டு எழும்பினன். நீங்க திரும்பிப் போயிட்டீங்க."

"நீ வேணாமெண்டு சொல்லிருவாய் எண்டு நெனச்சன், புள்ள."

"நெனச்சீங்க" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. "நானும் அந்த ஆத்துத் தண்ணில பொறந்து வளந்தவள்தானே. அங்க மீன் குஞ்சு நிக்கிறல்லெண்டு எனக்குத் தெரியாதா? குழி என்ட உம்மா எனக்குத் தந்தது. கேட்டிருந்தா, போய்ச் சொல்லுங்க எண்டுதான் சொல்லியிருப்பன். என்ட குழிய நானே குடுத்த எண்டு இரிந்திருக்கும், இந்த றாலும் எனக்கு இறங்கியிருக்கும். நீங்க கேக்கல்ல."

ஒன்பது வருடமாக அசனார் இரவும் பகலும் போட்ட கணக்கு முழுக்கப் பிழை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். எதற்கு என்று தொடங்குவது என்று தெரியவில்லை.

"சோறு ஆறுது, தின்னுங்க" என்று சொல்லி ஸாலிஹா இன்னும் ஓர் அகப்பை இறாலை அவருடைய பீங்கானில் போட்டாள். பிறகு சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.